வாம்பயர் ஊரு கதை சீரீஸ் குழம்பாம படிக்கிறது எப்படி

சின்ன ஊரு, ஊருக்குள்ள வாம்பயர், ஓநாயா மாறுறவங்க, சூனியக்காரின்னு வர்ற சீரீஸ்லாம் பத்து பதினஞ்சு புக் ஓடும், அதனாலயே எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிறைய பேர் நடுவுல விட்டுடறாங்க. சார்லைன் ஹாரிஸோட சூக்கி ஸ்டாக்ஹவுஸ் சீரீஸை வச்சே சொல்றேன், இதைப் படிக்கத் தெரிஞ்சிட்டா மத்ததுக்கும் கை வந்துடும்.

முதல் தலைவலி பேரு. மொத்தம் 13 நாவல், 13 பேர்லயும் 'டெட்' இருக்கும், பேரைப் பாத்து எது முன்ன எது பின்னன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால வருஷத்தைப் பாருங்க. 2001ல டெட் அன்டில் டார்க், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு 2013 டெட் எவர் ஆஃப்டர் வரைக்கும். பழைய புக் கடையில நடு பார்ட் சீப்பா கிடைக்குதுன்னு அதுல இருந்து ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

அடுத்தது தான் முக்கியம். இந்த மாதிரி கதையில யாரு பேய்னு தெரிஞ்சுக்கறதை விட, அது ஊர்ல யார் யாருக்குத் தெரியும்னு பிடிச்சுக்கணும். கதாநாயகி சூக்கியோட ஊரு போன் டாம்ப்ஸ், அமெரிக்காவுல லூசியானா வடக்குப் பக்கம் இருக்கற கற்பனை ஊரு. அங்க வாம்பயர் இருக்குன்னு உலகத்துக்கே தெரியும், ஜப்பான்காரங்க செயற்கை ரத்தம் கண்டுபிடிச்சதால அவங்களே வெளிய வந்துட்டாங்க. ஆனா ஓநாயா, நாயா மாறுறவங்க 9ஆவது புக் வரைக்கும் ஒளிஞ்சு தான் இருப்பாங்க. சூக்கி அங்க மெர்லாட்ஸ்னு ஒரு பார்ல சர்வ் பண்ற பொண்ணு, மத்தவங்க மனசுல நினைக்கிறது இவங்க காதுல விழும், வாம்பயர் மனசு மட்டும் கேக்காது. ஸோ பீர் கொண்டு போய் வைக்கிற அஞ்சு நிமிஷத்துல யாரு யாரை ஏமாத்துறாங்க, யாருக்கு வாம்பயர் மேல வெறுப்பு, எல்லாம் நமக்கும் தெரிஞ்சிடும், எதிர்ல நிக்கிறவனுக்கு அது தெரியாது. அந்த பார் சீனை எல்லாம் 'எப்படா சண்டை வரும்'னு தள்ளிவிட்டுப் படிச்சீங்கன்னா கதையே போச்சு, என்னைக் கேட்டா சண்டையை விட அது தான் நல்லா இருக்கும். ஒரு நோட்டுல பேரு, என்ன ஜாதி ஜீவன், யாருக்குத் தெரியும்னு மூணு கட்டம் போட்டு வச்சுக்கோங்க, நாலாவது புக் வந்தப்புறம் கண்டிப்பா தேவைப்படும்.

6ஆவது புக் ஆரம்பிச்சதும் 'நடுவுல ஏதோ பக்கம் கிழிஞ்சு போச்சா'ன்னு தோணும். சூக்கியோட கசின் ஹாட்லிக்கு என்ன ஆச்சுங்கறது ஒரு சிறுகதையில வந்துடுச்சு, நாவல் அதுக்கு அப்புறம் தான் போகும். அ டச் ஆஃப் டெட்னு 2009ல வந்த தொகுப்புல அது இருக்கு, 5 முடிச்சதும் அந்த ஒண்ணை மட்டும் படிச்சிட்டு வாங்க.

இந்த புக்கை வச்சு எடுத்த ட்ரூ ப்ளட் டிவி சீரீஸ் பாத்துட்டேன், அதனால ரெண்டு மூணு புக் ஸ்கிப் பண்ணலாமான்னா கூடாது. டிவில கடைசி வரைக்கும் இருக்கற லாஃபயட் ரெண்டாவது புக் முதல் சாப்டர்லயே பிணமா கிடப்பாரு, டிவில வர்ற ஜெசிகா புக்லயே கிடையாது.

13 ரொம்ப ஜாஸ்தின்னா இதே ரைட்டரோட மிட்நைட், டெக்சாஸ் மூணே புக்கு (2014 டு 2016), ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் எதையாவது மறைப்பாங்க, யாரும் யாரையும் தோண்டிக் கேக்க மாட்டாங்க. வேற டைப் வேணும்னா ரேச்சல் கெயினோட மார்கன்வில் வாம்பயர்ஸ், 15 புக்கு. அங்க ஊரையே நடத்துறது வாம்பயர் தான், ஊர்க்காரங்க எல்லாம் எந்த வாம்பயரோட பாதுகாப்புல இருக்காங்கன்னு கையில பிரேஸ்லெட் போட்டிருப்பாங்க, வெளியூர்ல இருந்து காலேஜ் படிக்க வர்ற பசங்களுக்குத் தான் ஒண்ணும் தெரியாது. அதுல முதல் புக் அந்தரத்துல நிக்கும், ரெண்டாவது அதே இடத்துல இருந்து தொடங்கும், அதனால ரெண்டையும் சேர்த்தே வாங்கிடுங்க இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது.

கடைசியா, படிச்சு முடிக்கற வரைக்கும் கேரக்டர் பேரை கூகுள்ல போடாதீங்க. சூக்கி கடைசியில யார்கூட சேருறாங்கங்கறதுக்கு 2013லயே ரசிகர்கள் பெரிய சண்டை போட்டிருக்காங்க, தேடின உடனே முதல் வரியிலயே வந்து நிக்கும். அதே வருஷம் ஆஃப்டர் டெட்னு ஒரு குட்டி புக் வந்துச்சு, ஒவ்வொரு கேரக்டரும் அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஏ டு இசட் போட்டிருக்கும். காசு குடுத்து வாங்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல, எங்கயாவது கிடைச்சா 13 முடிச்சப்புறம் புரட்டிப் பாருங்க.