எலுமிச்சைத் தோல் பயோ என்சைம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு அடுப்புமேடை கடப்பாக் கல். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. தொட்டால் அங்கே மட்டும் சொரசொரக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று, எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் துப்புரவுத் திரவமான பயோ என்சைமைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி இரவு முழுக்க விட்டுவிட்டேன். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. பயோ என்சைமோ புளித்த அமிலம், கல்லை அரித்துவிட்டது. மார்பிளுக்கும், மார்பிள் சில்லு பதித்த மொசைக் தரைக்கும் இதே கதிதான். செராமிக் டைல்ஸுக்குப் பயமில்லை, அங்கேயும் தண்ணீர் கலந்தே துடையுங்கள்.

தாய்லாந்தின் டாக்டர் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறையில் அளவு 1:3:10. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் பழத்தோல், ஒரு லிட்டர் தண்ணீர். கண்ணளவாகப் போடாதீர்கள். வெல்லம் குறைந்தால் நொதித்தல் சரியாக நடக்காமல் அழுகல் நாற்றம் வரும். மீந்த சாம்பார், எண்ணெய் பட்ட காய்கறி எதுவும் உள்ளே போகக்கூடாது.

கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுவது ஆபத்தான தவறு. முதல் மாதம் கரியமில வாயு நிறைய வரும், பாட்டில் வெடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு, தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி 'புஸ்' என்று காற்றை வெளியேற்றுங்கள். அவசரப்பட்டு ஒரே மாதத்தில் வடிகட்டவும் வேண்டாம். சர்க்கரை முதலில் ஆல்கஹாலாகி, பிறகுதான் அமிலமாகும். அதற்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்தான். கருப்புப் பூஞ்சை என்றால் கொட்டிவிடுங்கள்.

கொதிநீரில் கலப்பவர்களும் உண்டு. என்சைம் ஒரு புரதம். சூட்டில் முட்டை வெள்ளை இறுகுவதுபோல அதுவும் உருக்குலைந்து செயலிழந்துவிடும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது, இதைக் கிருமிநாசினி என்று நம்புவதுதான். பிசுக்கையும் வாடையையும் இது நன்றாக நீக்கும். ஆனால் வீட்டில் தயாரிப்பதன் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். வயிற்றுப்போக்கு வந்தவர் பயன்படுத்திய கழிப்பறைக்கு இதை மட்டும் நம்பாதீர்கள், பிளீச்சிங் பவுடர் வேண்டும். ஆனால் இரண்டையும் சேர்க்கவே கூடாது. அமிலம் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். முதலில் என்சைமால் தேய்த்திருந்தால், நிறையத் தண்ணீர் ஊற்றி முழுதும் அலசிய பிறகே பிளீச்சிங் பவுடரைத் தொடுங்கள். தவறிக் கலந்து நெடி ஏறினால், மேற்கொண்டு கழுவ நிற்காமல் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.