அப்பலாச்சியன் ட்ரெயிலில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நடைபாதை. முழுவதையும் நடக்க ஐந்தாறு மாதம் வேண்டும். நமக்கோ லாங் வீக்கெண்ட்தான் கிடைக்கும். அதற்குள் அடங்கும் ஒரு துண்டைத் திட்டமிடுவது எப்படி என்று, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் நான் முதலில் நடந்த பகுதியை வைத்தே சொல்கிறேன்.

படி 1: துண்டைத் தேர்ந்தெடுங்கள்

மேப்பை விரித்ததும் ட்ரெயில் எங்கெல்லாம் சாலையைத் தொடுகிறது என்று பாருங்கள். கால் சுளுக்கினாலும் இடி மழை பிடித்தாலும் அங்கேதான் வெளியேற முடியும். ஷெனாண்டோவாவில் ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் சாலை மலைமுகட்டோடு போகிறது. ட்ரெயில் அதைத் திரும்பத் திரும்பக் கடக்கும். புதியவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பிக் மெடோஸில் (அந்தச் சாலையின் 51-ஆம் மைல்) தொடங்கி வடக்கே தார்ன்டன் கேப் (31.5) வரை நடந்தால் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

படி 2: நாள்களைப் பிரியுங்கள்

தண்ணீரும் படுக்க இடமும் எங்கே சேர்ந்து கிடைக்கிறதோ அங்கே இரவு. முதல் இரவு ராக் ஸ்பிரிங் ஹட், சுமார் 6 கிலோமீட்டர். இரண்டாவது பேர்ட்ஸ் நெஸ்ட் 3, சுமார் 17. மூன்றாம் நாள் மிச்சம் ஐந்தே. இந்த ஹட்கள் மூன்று பக்கச் சுவர் கொண்ட திண்ணை மாதிரி; நெடுந்தூரம் நடப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. அதனால் டென்ட் கட்டாயம்.

17 கிலோமீட்டரா என்று மலைக்க வேண்டாம், கணக்குப் போடுங்கள். முதுகில் 12 கிலோ இருந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர்தான். ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. காலை எட்டுக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் சேரலாம். வழியில் ஸ்கைலேண்ட் விடுதியில் சூடாகச் சாப்பிட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். பேர்ட்ஸ் நெஸ்டில் ஊற்றுக்குச் சரிவில் இறங்கிப் போக வேண்டும். வெயில் காலத்தில் வற்றியும் போகும்.

படி 3: பெர்மிட்

காட்டில் இரவு தங்க பெர்மிட் வேண்டும், ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எடுக்கலாம். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி.

படி 4: சாப்பாடும் கரடியும்

முதல் இரவுக்குப் புளியோதரை. அடுத்த நாளுக்கு, வறுத்த ரவையில் தாளிப்பையும் உப்பையும் கலந்து வீட்டிலேயே ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் பத்து நிமிடத்தில் உப்புமா. ஹட் அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது என்பதால் சின்ன கேஸ் ஸ்டவ் போதும்.

இங்கே கருங்கரடிகள் உண்டு. வாசனை உள்ள எல்லாமே, டூத்பேஸ்ட் உட்பட, ஒரே பைக்குள் போகட்டும். தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். ஹட் பக்கத்தில் இதற்கென்றே கொக்கி வைத்த இரும்புக் கம்பம் இருக்கும். நீளக் கம்பியால் பையைத் தூக்கி மாட்டுவது, தென்னை மரத்தில் துரட்டியால் தேங்காய் பறிப்பது போலத்தான். இருட்டுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

படி 5: இரண்டு கார்

பஸ் கிடையாது. ஒரு காரைத் தார்ன்டன் கேப்பில் நிறுத்திவிட்டு இன்னொன்றில் பிக் மெடோஸுக்குப் போங்கள். வேக வரம்பு 35 மைல், எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் மரங்களில் பெயின்டால் தீட்டிய வெள்ளைப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். நீலப் பட்டை தெரிந்தால் கிளைப்பாதை.

மூன்றாம் நாள் காலை மேரிஸ் ராக் பாறையில் நின்று கீழே தார்ன்டன் கேப்பைப் பார்த்தபோதுதான் பாக்கெட்டைத் தடவினேன். என் கார் சாவி, பிக் மெடோஸில் நின்ற நண்பரின் காருக்குள். ஒரு வயதான தம்பதி எங்களை ஏற்றிக்கொண்டு 20 மைல் திரும்பிப் போனார்கள். சாவியை எந்த ஜிப்புக்குள் வைத்தீர்கள் என்று கூட வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.