மணலில் டயர் சும்மா சுற்றுகிறதா? முதலில் காலை எடுங்கள்

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும்வரை தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன்களும் ஜீப்புகளும் மணலில்தான் ஓடின. புதிதாக மணலில் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். டயர் வழுக்கியதும் பதறி ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் மிதித்தேன். பத்து விநாடிக்குள் பின்சக்கரம் பாதி புதைந்து, ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிட்டது. சுற்றும் டயர் வண்டியை நகர்த்தாது, குழிதான் தோண்டும்.

1. நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். ஆக்சிலோ வண்டியின் அடிவயிறோ மணலைத் தொட்டுவிட்டால், இனி இன்ஜினுக்கு வேலை இல்லை, மண்வெட்டிக்குத்தான் வேலை. அடியில் உள்ள மணலையும், போகப்போகும் பக்கம் டயரை ஒட்டி இருக்கும் மணலையும் சரிவாக வாரிவிடுங்கள்.

2. காற்றை இறக்குங்கள். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இதில்தான். வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியைச் சாவி நுனியால் அழுத்துங்கள். 'உஸ்' என்று காற்று இறங்க இறங்க டயரின் அடி நீளமாகப் படிவது கண்ணுக்கே தெரியும். அந்த நீளம்தான் வண்டியின் எடையைப் பரப்பி, மணல்மேல் மிதக்க வைக்கிறது. ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைக்கிற வண்டிக்கு 18 போதும். நான்கு டயரிலும் ஒரே அளவு இருக்கட்டும். 15-க்குக் கீழே போகாதீர்கள். வளைத்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

3. வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அந்த மணல் ஏற்கெனவே அமுங்கி இறுகியிருக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். நான்கு சக்கரத்துக்கும் மெதுவான, ஆனால் வலுவான இழுவை தரும் 4எல் (4-லோ) போட்டு, கிளட்சை முழுவதும் விட்டு மெதுவாக நகர்த்துங்கள். முன்னால்தான் போக வேண்டுமென்றால் இரண்டாம் கியரில் கிளப்புங்கள், முதல் கியரில் டயர் சட்டென்று சுற்றிவிடும். இ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் தானே கட்டுப்படுத்தும் அமைப்பு) பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் மணலில் உங்களுக்குத் தேவைப்படும் வேகத்தை அதுவே குறைத்துவிடும்.

4. ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் பிரேக்கைத் தொடுங்கள். இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான விசையைத்தான் தரும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை என்பதால், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கை இலேசாக அழுத்துங்கள். சுற்றும் சக்கரம் இறுகும், பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசை போய்ச் சேரும். சில விநாடிக்கு மேல் வேண்டாம், பிரேக் சூடாகிவிடும். மாருதி ஜிம்னி போன்ற வண்டிகள் இதைத் தாமே செய்துகொள்ளும்.

சேற்றில் கொஞ்சம் வேறு மாதிரி. வண்டி நிற்கப்போகிறது என்று தோன்றும்போதே ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்டிக்கொண்டே போங்கள். டயரின் பக்கவாட்டுக் கட்டைகள் புதிய மண்ணைக் கடித்துப் பிடிக்கும்.

தள்ள வருபவர்களைச் சுற்றும் டயருக்கு நேர் பின்னால் மட்டும் நிற்க விடாதீர்கள். அடியில் போட்ட பலகையோ கல்லோ தெறித்து வந்தால் கால் எலும்பு தாங்காது. வெளியே வந்ததும் தார்ச்சாலையில் ஏறுமுன் 2எச்-க்கு (இரண்டு சக்கர இழுவைக்கு) மாற்றி, காற்றடித்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்ப் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.