தமிழ் வினாத்தாள்: எழுத்து உடையாமல், வரி நகராமல் தயாரிக்கும் முறை

வீட்டுக் கணினியில் ஒழுங்காக இருந்த வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. அல்லது எழுத்து சரியாக இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்கியது மூன்றாம் பக்கத்துக்கு வழிந்திருக்கிறது. முதலாவது தட்டச்சில் வரும் பிழை. இரண்டாவது பக்க அமைப்பிலும் கோப்பை அனுப்பும் விதத்திலும் வருவது. விண்டோஸ் கணினியும் மைக்ரோசாஃப்ட் வேர்டும் இருந்தால் இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

எந்தத் தமிழில் அடிக்கிறீர்கள்?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் (ஃபான்ட்) ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது தமிழே அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான் அங்கே இருக்கும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் உண்டு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டதால், இன்றைய கணினியும் கைபேசியும் அதைத் தனியாக எதுவும் நிறுவாமலே காட்டும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குறிகளாக மாறினால் பழைய வகை. உடனே கன்ட்ரோல், இசட் அழுத்தி மீட்டுவிடுங்கள்.

பழைய வகைக் கோப்பை எழுத்துரு மாற்றி (கன்வர்ட்டர்) என்ற மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கலாம். மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் வேதியியல் குறியீடுகளையும் அந்த மென்பொருள் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

விசைப்பலகை

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய், மொழிகள் பட்டியலில் தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்கு எதிரே உள்ள ஆப்ஷன்ஸைத் திறந்து ஆட் எ கீபோர்டு மூலம் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் போதும்.

ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ்ச் சொல் பரிந்துரையாக வரும், ஒரே நாளில் பழகிவிடும். ஆனால் ந, ன, ண வேறுபாட்டிலும் ல, ள, ழ வேறுபாட்டிலும் முதல் பரிந்துரை அடிக்கடி தவறும். வினாத்தாளில் அந்தத் தவறு கேள்வியின் பொருளையே மாற்றிவிடும். ‘அலை’யும் ‘அழை’யும் ஒன்றா?

தொடர்ந்து தட்டச்சு செய்பவர் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்வதுதான் நல்லது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் இருக்கும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் புள்ளி தானாக விழும். அதனால் ‘அம்மா’வுக்கு ஏ, கே, கே, கியூ என்ற நான்கு விசைகளே போதும். ங-வுக்குப் பின் க அடித்தாலும் ‘ங்க’ என்று தானே புள்ளி வைத்துக்கொள்ளும். இப்படித் தானாக விழாத இடங்களில், அதாவது சொல்லின் கடைசியில் வரும் மெய்க்கும் ‘பார்வை’யில் வரும் ‘ர்’ போன்றவற்றுக்கும், எஃப் விசையால் நாம் புள்ளி வைக்க வேண்டும்.

பக்க அமைப்பு

தட்டச்சைத் தொடங்கும் முன்பே லேஅவுட் பகுதியில் தாளை ஏ4 என்று வைத்து, நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் ஓரம் விடுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், ஆகவே எழுத 17 சென்டிமீட்டர் கிடைக்கும். இந்த 17-ஐ நினைவில் வையுங்கள்.

நிர்மலா யூஐ அல்லது லதா எழுத்துருவில் 12 அளவு படிக்க வசதியாக இருக்கும். இங்கே பலர் சிக்கும் ஓர் இடம் உண்டு. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறையாகக் கருதுவதால், ஆங்கிலத்துக்கு ஓர் அளவும் தமிழுக்கு வேறோர் அளவும் வைத்துக்கொள்ளும். அளவை மாற்றியும் தமிழ் மட்டும் அசையாவிட்டால், கன்ட்ரோல், டி அழுத்தி வரும் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற பகுதியில் எழுத்துருவையும் அளவையும் தனியே கொடுங்கள்.

அடுத்தது மதிப்பெண். கேள்வியின் முடிவில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி மதிப்பெண்ணை வலது ஓரத்துக்குத் தள்ளுவதுதான் வினாத்தாள் கலைவதற்குப் பெரிய காரணம். எழுத்துருவோ அளவோ மாறினால் இடைவெளியின் அகலமும் மாறும், எண்கள் ஏணிப்படி போல நிற்கும். அதற்குப் பதிலாக எல்லாக் கேள்விகளையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, கீழே உள்ள டேப்ஸ் பொத்தானை அழுத்துங்கள். இடம் 17, அலைன்மென்ட் ரைட் என்று கொடுத்து, செட் அழுத்தி ஓகே சொல்லுங்கள். பெட்டி அங்குலத்தைக் காட்டினால் எண்ணுக்குப் பின் சென்டிமீட்டர் குறியையும் சேர்த்துத் தட்டுங்கள். இனி கேள்வி முடிந்ததும் ஒரே ஒரு டேப், பிறகு மதிப்பெண். எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.

‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பகுதியில் வரியின் கடைசியில் வரும் கோட்டுக்கும் இதே பெட்டிதான். லீடர் என்பதில் 4-ஐத் தேர்ந்தெடுத்தால் டேப் அடித்த இடத்தில் கோடு தானாக ஓடும்.

அ, ஆ, இ, ஈ விடைகளை இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையில் எழுதி, நோ பார்டர் கொடுத்துக் கோட்டை மறைத்துவிடுங்கள். பொருத்துக வினாவுக்கும் அட்டவணையே சரி. அட்டவணைக்குள் டேப் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். உள்ளேயே டேப் வேண்டுமானால் கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்துங்கள்.

கேள்வி ஒரு பக்கத்திலும் விடைகள் அடுத்த பக்கத்திலும் போய் நின்றால் மாணவர் தாளைப் புரட்டிப் புரட்டிக் குழம்புவார். கேள்வி வரியைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் பகுதியில் கீப் வித் நெக்ஸ்டை இயக்குங்கள். விடை அட்டவணையின் முதல் வரிசைக்கும் அதையே கொடுங்கள். என்டர் தட்டித் தட்டிக் கீழே தள்ளாதீர்கள். மேலே ஒரு வரி கூடினால் எல்லாம் மறுபடி கலையும்.

பின்னம், வர்க்கமூலம் போன்றவற்றுக்கு ஆல்ட்டும் சமக்குறியும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். கீழ்க்குறிக்குக் கன்ட்ரோலும் சமக்குறியும். மேற்குறிக்கு அவற்றோடு ஷிஃப்ட்.

பிடிஎஃப் ஆக்கி அனுப்புதல்

வேர்டு கோப்பு பொதுவாக எழுத்துருவின் பெயரை மட்டுமே சுமந்து செல்கிறது. அந்தப் பக்கம் அது இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறும், பக்கம் வழியும். சேவ் ஆஸ் மூலம் பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடும். அடோபி ரீடரில் திறந்து, ப்ராப்பர்டீஸ் பெட்டியின் ஃபான்ட்ஸ் பகுதியில் எழுத்துருப் பெயருக்கு அருகில் எம்பெடெட் என்று இருக்கிறதா என ஒருமுறை பாருங்கள்.

வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள். பிடிஎஃப் உங்களுக்கு மூலம் ஆகாது. அதிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறி எழுத்துகள் உடையலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது திரையைப் படம்பிடித்துப் புகைப்படமாக அனுப்ப வேண்டாம், சுருக்கப்பட்டு எழுத்து மங்கும். டாக்குமென்ட் என்ற வழியில் பிடிஎஃபையே அனுப்புங்கள். அனுப்பும் முன் வேர்டில் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமென்ட், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்ற வரிசையில் மூலக் கோப்பைப் பூட்டலாம். கடவுச்சொல் மறந்தால் வேர்டு அதை மீட்டுத் தராது, எங்காவது பத்திரமாக எழுதி வையுங்கள். இந்தப் பூட்டு வேர்டு கோப்புக்கு மட்டுமே. பிடிஎஃபைப் பூட்ட, அதைச் சேமிக்கும்போதே ஆப்ஷன்ஸில் கடவுச்சொல் கொடுக்க வேண்டும்.

அச்சு

அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் அளவை ஆக்சுவல் சைஸ் என்று வையுங்கள். அளவுகோலால் அளக்கச் சொல்லும் வடிவியல் கேள்வி இருந்தால் இது கட்டாயம். ஃபிட் என்று இருந்தால் 5 சென்டிமீட்டர் கோடு சற்றுச் சுருங்கி அச்சாகலாம், சரியாக அளந்த மாணவரின் விடை தவறாகிவிடும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுங்கள். அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து அளந்து, மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் சரியாக வந்த பிறகு மற்ற பிரதிகளை எடுங்கள்.