பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் ‘கோதுமை’, ‘ராகி’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பிக் குழந்தைகளுக்கு பிஸ்கட் வாங்குகிறோம். பின்பக்கத்தில் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமுள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டுகளில் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும்தான் முன்னால் நிற்கின்றன.

மைதாவில் தவிட்டை நீக்கிவிடுகிறார்கள். நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்த நார்தான் சாப்பாடு. அதை நொதிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலத்தில்தான் குடல் சுவரின் செல்கள் பிழைக்கின்றன. நார் கிடைக்காதபோது சில நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்குவதை 2016-இல் எலிகளிடம் கண்டார்கள். வயிறு வலிக்கவில்லையே, அப்புறம் என்ன என்று இருந்துவிடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். இந்தப் பட்டினி வெளியே தெரியாது.

அதே பட்டியலில் ஐஎன்எஸ் 466 (ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண்) என்று இருந்தால் அது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். ஐஸ்கிரீம், சாஸ் போன்றவை பிரியாமல் கெட்டியாக இருக்கச் சேர்ப்பது. 2022-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 16 பேரில் ஒரு பகுதியினருக்கு இதைத் தினம் 15 கிராம் வீதம் 11 நாள் கொடுத்தார்கள். அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களின் வகைகள் குறைந்தன. இருவருக்கு நுண்ணுயிர்கள் சளிப் படலத்துக்குள் நெருங்கியிருந்தன. அந்த அளவு மிக அதிகம்தான். எப்போதோ ஒரு கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டதற்குக் கலங்க வேண்டாம். அன்றாடம் பாக்கெட்டிலேயே வயிற்றை நிரப்புவதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று, உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் சேர்த்த புரோபயாடிக் பானம் ஒன்று குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம். தின்ன நார் இல்லாத குடலில் அந்த நுண்ணுயிர்கள் எப்படித் தங்கும்? இட்லி மாவு நன்றாகப் புளித்தாலும் ஆவியில் வேகும்போது மாவிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்துவிடும். உயிருள்ளவை வேண்டுமென்றால் மோர் ஊற்றிய பழைய சோறு, வீட்டுத் தயிர்.

சரி, நாளையிலிருந்தே மாற்றிவிடுகிறேன் என்று ஒரே நாளில் மூன்று கிண்ணம் சுண்டல் சாப்பிடாதீர்கள். வயிறு உப்பும், வாயு பிரியும், நாலாம் நாள் மறுபடி பிஸ்கட்டுக்கே போவீர்கள். ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார் என்ற இலக்கை இரண்டு மூன்று வாரத்தில் எட்டினால் போதும். முதலில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலை, ஒரு கொய்யா, கூடவே தண்ணீர். குடலில் புண், அழற்சி என்று ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே நாரைக் கூட்டுங்கள்.