தூணைப் பார்த்து கிரேக்க, ரோமானிய பாணியை அடையாளம் காண்பது எப்படி?

எழும்பூர் பக்கம் போனால் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைப் பாருங்கள், 1821-ல் திறந்தது, இதைப் பழக அருமையான இடம். முதலில் தூணின் தலை. வெறும் வட்டத் தட்டும் மேலே சதுரப் பலகையும் மட்டும் இருந்தால் டோரிக், இரண்டு பக்கமும் சுருள் இருந்தால் அயோனிக், இலை இலையாகச் செதுக்கியிருந்தால் கொரிந்தியன். இங்கே முகப்பில் அயோனிக், உள்ளே குவிமாடத்தைத் தாங்கும் 16 தூண்களும் கொரிந்தியன்.

அடுத்து தூணின் உடம்பு. கி.மு. 447-ல் தொடங்கிய ஏதென்ஸ் பார்த்தெனான் கோயிலின் தூண்கள் லேசாகப் புடைத்து, மேலே போகப்போகச் சிறுக்கும். அந்த நுணுக்கத்துக்காகவே அதை எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

அப்புறம்தான் முக்கியமானது: இரண்டு தூணுக்கு நடுவே மேலே என்ன இருக்கிறது? நேரான உத்தரம் என்றால் கிரேக்க வழி, கல் உத்தரம் ரொம்ப நீண்டால் நடுவில் விரிசல் விடும், அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். வளைவு ரோமானியர்களின் பலம், பாரம் இரண்டு பக்கமும் வழிந்து இறங்குவதால் பெரிய இடைவெளியையும் தாண்டிவிடும். அந்த யோசனையோடு கான்கிரீட்டும் சேர்ந்ததால்தான் ரோமின் பாந்தியன் கோயிலில் சுமார் 43 மீட்டர் அகலக் குவிமாடம் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. உச்சியை நெருங்க நெருங்க கனம் குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள்.