பீக் பெரிதானால் குழாய் அதிகம் என்று அர்த்தமில்லை

ஒரே லேசரில் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்துவிட்டு, "என் சாம்பிளில் இந்த விட்டமுள்ள குழாய்கள்தான் அதிகம்" என்று எழுதுவது கார்பன் நானோகுழாய் ராமன் வேலையில் (லேசர் ஒளி சிதறும் விதத்திலிருந்து பொருளின் அதிர்வுகளை அறியும் முறை) சகஜமான தவறு. ஒற்றைச்சுவர்க் குழாயின் வலுவான சிக்னல் ஒத்ததிர்வால் வருவது. லேசரின் ஆற்றல் குழாயின் ஒளியியல் தாவல் ஆற்றலுக்கு (எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருந்தால்தான் அது பளிச்சென்று தெரியும். 532 நானோமீட்டர் லேசரில் ஒரு கூட்டம் தெரியும், 785-இல் வேறு கூட்டம். மீதியெல்லாம் சாம்பிளில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் (10,2) குழாய். கார்பன் தாள் எப்படிச் சுருண்டு குழாயானது என்பதைச் சொல்லும் கைரல் எண்தான் இந்த ஜோடி. கரைசலில் தனித்தனியாக மிதக்கும் குழாய்கள் கற்றையாக ஒட்டத் தொடங்கினால், 785 லேசரில் 267 செ.மீ⁻¹ அருகே ஒரு பீக் எகிறும். (10,2) புதிதாக எங்கிருந்தும் முளைக்கவில்லை. தனியாக இருக்கையில் 737 நானோமீட்டர் வாக்கில் இருந்த அதன் ஒத்ததிர்வு, ஒட்டியதும் சிவப்புப் பக்கம் நகர்ந்து லேசரை நெருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் விட்டக் கணக்கு. குழாய் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் ஆர்.பி.எம். அதிர்வின் அலையெண்ணால் 248-ஐ வகுத்து, விட்டம் இத்தனை நானோமீட்டர் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். அந்த 248 சிலிக்கான் தளத்தில் தனித்துக் கிடக்கும் குழாய்களுக்குப் பொருந்திய எண். சூழலின் தாக்கம் மிகக் குறைந்த குழாய்களுக்கு 227. ஆக, 248 செ.மீ⁻¹-இல் தெரியும் ஒரே பீக் 1 நானோமீட்டர் என்றும் சொல்லும், 0.92 என்றும் சொல்லும். கைரல் எண்ணையே மாற்றிவிடப் போதுமான வித்தியாசம் இது. சிலிக்கான் மேல் அளக்கிறவர்கள் 303 செ.மீ⁻¹-இல் எதையாவது கண்டு குதூகலிக்க வேண்டாம், அது சிலிக்கானுடையது. வெறும் தளத்தை ஒருமுறை அளந்தாலே தெரிந்துவிடும். 520.5-இல் உள்ள பீக்கும் அதனுடையதுதான், ஆனால் அது அளவுதிருத்தத்துக்கு உதவும்.

டி பட்டைக்கும் (குறைபாடுகளால் எழும் பீக்) ஜி பட்டைக்கும் (கார்பன் பிணைப்புகளின் அதிர்வால் வரும் முக்கிய பீக்) உள்ள விகிதம் குறைபாட்டைக் காட்டும், சரி. ஆனால் அது லேசருக்கு லேசர் மாறும்; 532-இல் கிடைத்ததை 633-இல் கிடைத்ததோடு ஒப்பிட்டால் பலனில்லை.

லேசர் சக்தியைக் கூட்டினால் சிக்னல் கூடும், கூடவே குழாயும் சூடாகும். 1590 அருகே நிற்க வேண்டிய ஜி பீக் கீழே இறங்கும். அதை மாசூட்டல் (வேற்றுப்பொருளால் மின்னூட்டம் மாறுவது) என்றோ இழுவிசை என்றோ விளக்கம் எழுதுவதற்கு முன், சக்தியைப் பாதியாக்கி அதே இடத்தில் மறுபடி எடுங்கள். பீக் மேலே திரும்பினால் அது வெப்பத்தின் வேலை. திரும்பாவிட்டாலும் நிம்மதி இல்லை, குழாய் ஏற்கெனவே கருகியிருக்கலாம். டி பட்டை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.